வாய்வரை வந்த ஸ்பானிஷ்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு ஆரம்ப சூரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கிடார் வாங்கினார்; அது இப்போது பீரோவுக்கு மேலே படுத்திருக்கிறது. தினமும் காலையில் ஓடப்போகிறேன் என்று விலை உயர்ந்த ஷூ ஒன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போய்வருகிறார். மொட்டைமாடியில் தோட்டம் போட்டார், தொட்டிகள் மிச்சம். அதனால், ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் வெங்காயம் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

"கத்துக்கங்க. கிடாருக்குப் பக்கத்துல இடம் இருக்கு" என்றேன்.

அந்த மொழி எங்கள் வீட்டுக்குள் வந்ததே ஒரு வேடிக்கை. மகள் காலேஜில் சேர்ந்ததும் புது ஃபோன் வாங்கிக்கொண்டு, பழையதை அப்பா தலையில் கட்டினாள். அதில் அவள் எப்போதோ ஆசைப்பட்டு இறக்கி, ஒரே வாரத்தில் மறந்துபோன ஸ்பானிஷ் ஆப் ஒன்று இருந்தது. சாயங்காலமானால் மணியடித்து, இன்றைய பாடம் காத்திருக்கிறது என்று கெஞ்சும். அழித்துத் தொலைக்க வேண்டியதுதானே? இவருக்கு மனசு வரவில்லை. "பாவம், தினம் கேக்குது. என்னதான்னு ஒரு நாள் பாப்போமே" என்று திறந்தார். யார் கெஞ்சினாலும் இறங்கிப்போகிற மனுஷன், ஃபோன் கெஞ்சியதற்கும் இறங்கிப்போனார்.

இவருக்கு வேலை டைல்ஸ் ஃபேக்டரியில். சூளையில் வெந்து வெளியே வருகிற டைல்ஸ் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். வரிசையாக டியூப் லைட் எரியும். அதன் கீழே நின்று இவர் தரம் பார்க்க வேண்டும். ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு உடைசல், நிறத்தில் கொஞ்சம் மாற்றம், எது இருந்தாலும் மை பேனாவால் ஒரு கோடு. கோடு விழுந்தால் அது செகண்ட்ஸ், இரண்டாம் தரம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதுதான் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் பூதக்கண்ணாடி. அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் முகத்தையும் அப்படித்தான் பார்த்தார். நான் செகண்ட்ஸில் சேராமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

ஆனால் இந்த முறை நான் நினைத்தது நடக்கவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, மனுஷன் விடவில்லை. கதவு, ஜன்னல், குக்கர், சர்க்கரை டப்பா என்று வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டினார். கண்ணாடியில் ஒட்டிய சீட்டு, நான் பொட்டு வைக்கப் போனால் சரியாக என் மூக்கை மறைத்தது. சட்டைக்கு இஸ்திரி போடும்போது சட்டையிடம் பேசினார். பாடம் முடிக்காமல் டீ குடிப்பதில்லை என்று ஒரு சபதம் வேறு. டீ என்றால் உயிரை விடுகிறவர், ஆறிப்போன டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஃபேக்டரியில் மட்டும் ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லவில்லை. நன்றாக வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

"இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கிண்டலாகப் பதில் சொல்லவில்லை.

"நாள் பூரா எது சரியில்ல, எது சரியில்லன்னு தேடிக்கிட்டே நிக்கிறேன். இதுல மட்டும்தான் தினம் ஏதோ ஒண்ணு கூடுது."

அதற்குப் பிறகு நான் கிடாரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஐந்தாறு மாதத்தில் சுருதி இறங்கியது. ஆப் சொல்லிக்கொடுத்ததையே சொல்லிக்கொடுத்தது. பூனை பால் குடிக்கிறது, பையன் ஆப்பிள் தின்கிறான். "எந்தப் பூனை என்கிட்ட வந்து ஸ்பானிஷ் பேசப் போகுது?" என்று சலித்துக்கொண்டார். டீ முதலிலும் பாடம் பிறகும் என்று ஆனது. பிறகு டீ மட்டும். குக்கர் ஆவியில் சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சரி, இதுவும் பீரோ மேலே ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் தாடி வந்தார்.

ஃபேக்டரியில் டைல்ஸ் மேல் டிசைன் அச்சடிக்கிற புது மெஷின் ஒன்றை ஸ்பெயினிலிருந்து வரவழைத்தார்கள். அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, ஒப்படைத்துவிட்டுப் போக அந்த கம்பெனியின் மெக்கானிக் ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கின ஆள், நெஞ்சு வரை தாடி. அவருடைய பேர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் தாடி. அவருடைய இங்கிலீஷ் நொண்டி, இவர்களுடைய இங்கிலீஷும் நொண்டி. முக்கால்வாசி வேலை கைஜாடையில் நடந்தது. மத்தியானம் கேன்டீனில் மூலை மேஜையில் தனியாக உட்காருவார். தண்ணீர் ஜக்கில் ஃபோனைச் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டு, ஊரிலிருக்கும் அக்காவிடம் பேசிக்கொண்டே சாப்பிடுவார். யாருக்கும் புரியப்போவதில்லை என்பதால் குரலைத் தாழ்த்துவதே இல்லை.

முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லாட்டரி விழுந்தவர் மாதிரி வந்தார்.

"நிஜ மனுஷன் பேசுறது. பூனை இல்ல, பால் இல்ல."

மறுநாளே மூலை மேஜைக்குப் பக்கத்து மேஜைக்கு இடம் மாறினார். முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொள்வார். ஆரம்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. பிடிபட்டதை மனசில் முடிந்துகொண்டு வந்து, வீட்டில் ஃபோனில் தேடிப் பொருள் பார்ப்பார். ஆப் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. லீவு நாளில்கூட, "இன்னைக்கு என்ன பேசியிருப்பாங்களோ" என்று தவித்தார். கொஞ்சம் கொஞ்சமாக முழு வாக்கியங்கள் புரிந்தன. பிறகு பேச்சே புரிந்தது.

எங்கள் வீட்டில் அது தொடர்கதை ஆயிற்று. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே, "இன்னைக்கு அந்த அக்கா என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்பேன். அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது: தாடியின் அப்பா அந்த அக்கா வீட்டில்தான் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் நாடு நாடாக அலைவது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, தாடி சொல்லிக்கொள்ளாமலே கிளம்பி வந்துவிட்டார். இப்போது பெரியவர் ஃபோனுக்கு வரமாட்டார். ஆனால் தினமும் மகளிடம், அவன் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்பாராம். அக்கா அதைச் சொல்லும்போதெல்லாம் தாடி, "இந்த வேலை முடிஞ்சதும் நேரா அப்பாகிட்டதான் வருவேன்" என்பார். அதை இவர் என்னிடம் சொல்லும்போது என் கண் கலங்கிவிடும். முன்பின் தெரியாத மனுஷர்கள்தான், ஆனாலும்.

"போய் ரெண்டு வார்த்தை பேசுங்களேன். பாவம், தனியா உக்காந்து சாப்பிடுறாரு" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

"பேசலாம், பேசலாம். இன்னும் கொஞ்சம் சரளமா வரட்டும்."

சவரம் செய்யும்போது கண்ணாடி முன் நின்று ஒரு வணக்கத்தை, ஒரு குசல விசாரிப்பைச் சொல்லிப் பார்ப்பார். பாதியில் நிறுத்துவார். தலையை ஆட்டுவார். மறுபடி முதலிலிருந்து. எனக்கு அந்த மொழியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அவர் எந்த இடத்தில் தன் மேலேயே கோடு போட்டுக்கொள்கிறார் என்று நன்றாகத் தெரிந்தது. குறையுள்ளது எதையும் வெளியே விடாமலே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கின மனுஷன். வாய்க்குள் இருக்கிறதையும் அப்படித்தான் நிறுத்தி வைத்தார்.

ஒருநாள் அந்த அக்கா, "அங்க உனக்குப் பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

தாடி சிரித்தாராம். "ஒருத்தரும் இல்ல. ஒரே ஒரு வசதி, நான் அழுதாக்கூட ஏதோ ஊர்க்கதை பேசுறேன்னு நினைச்சுக்குவாங்க."

பக்கத்து மேஜையில் இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாடே வேண்டாம் என்றார்.

"இனிமே எப்படிப் போய்ப் பேசுறது? இத்தனை நாளா ஒட்டுக்கேட்டிருக்கேன்னு தெரிஞ்சுபோயிடுமே."

"தெரிஞ்சா தெரியட்டும். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுங்க. அதுக்கு அவங்க மொழியில வார்த்தை இல்லாமலா இருக்கும்?"

"இருக்கு" என்றார். அதோடு சரி. மொழி தெரியாமல் பேசாதிருந்தவர், தெரிந்த பிறகு அதற்காகவே பேசாதிருந்தார். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

அதன் பிறகு பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இவர் தினமும் வந்து சொல்வார்: கால் வீங்கியிருக்கிறதாம், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், சாப்பாடு வேண்டாம் என்கிறாராம், பகலெல்லாம் தூங்குகிறாராம். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் இல்லைதான். ஆனால் இப்படியெல்லாம் சொல்லி மருந்து வாங்கிப் போகிறவர்கள், சில நாளில் திரும்பி வந்து பிரிக்காத மாத்திரை அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"இது ரொம்ப நாள் தாங்காதுங்க" என்றேன். "அவரை உடனே கிளம்பச் சொல்லணும்."

"அக்காவும் அதைத்தான் சொல்றாங்க. அவரு, நாளைக்கு மெஷின் ட்ரையல் ஆரம்பிக்குது, ஒரே வாரம், ஓட்டிக் காட்டிட்டு வந்துடுறேன்னு சொல்றாரு." இதைச் சொல்லிவிட்டு இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆனா ட்ரையல் நடக்காது."

சூளைக்குள் டைல்ஸை நகர்த்துகிற உருளைகள் விரிசல் விட்டிருந்தன. சூளையை ஆறப்போட்டு, உருளைகளை மாற்றி, மறுபடி சூடேற்ற பத்து நாளாவது ஆகும். பெல்ட் ஓடாது, பெருக்குகிற வேலையும் பெயிண்ட் அடிக்கிற வேலையும்தான் இருக்கும் என்று சூப்பர்வைசர் அன்று காலை இவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தாடியிடம் யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் சொல்லியிருக்கும் என்று இவர்கள் நினைத்தார்கள். இவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று ஆபீஸ் நினைத்தது. மேனேஜரோ உருளை சீக்கிரம் வந்துவிடும் என்கிற நம்பிக்கையில், தாடியைக் காணும்போதெல்லாம் "டுமாரோ, டுமாரோ" என்று சிரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

நான் அடுப்பை அணைத்தேன். "அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நாளைக்கு மத்தியானம் முதல் வேலை இதுதான்."

"சொல்லிடுறேன்" என்றார். நிஜமாகவே சொல்லிவிடத்தான் நினைத்தார். உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் தயார் செய்தார். சூளை பத்து நாளைக்கு எரியாது, நீங்க இப்பவே உங்க அப்பாகிட்ட போங்க. அவ்வளவுதான் விஷயம். என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். என் காதுக்கு அது தேனாகத்தான் இருந்தது. அவர் ஒரு வார்த்தையை மாற்றினார். பிறகு பழையபடியே வைத்தார்.

மறுநாள் தட்டோடு எழுந்து மூலை மேஜைக்குப் போனார். தாடி நிமிர்ந்து பார்த்து, எதிர் நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உட்காருங்கள் என்பதுபோலச் சிரித்தார். வாக்கியம் முழுசாக இருந்தது, நாக்கு நுனியில் இருந்தது என்றார் இவர். தப்பாக வந்துவிடுமோ என்று ஒரு பயம். சரியாக வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டு, தண்ணீர் ஜக்கைக் கை காட்டினார். தாடி எடுத்துக் கொடுத்தார். ஜக்கை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "வாயில வரலன்னா எழுதிக் கொடுங்க. இல்ல சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க, அவரு சொல்லட்டும்."

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா?"

"ஒட்டுக்கேட்டேன்னு சொல்லுங்க. தலையையா வாங்கிடுவாங்க?"

"நாளைக்குச் சொல்லிடுறேன்."

அங்கே மேனேஜர் டுமாரோ, இங்கே இவர் நாளைக்கு. அந்த மனுஷன் தினமும் காலையில் சுத்தமாக உடுத்திக்கொண்டு வந்து, ஓடாத மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, கேன்டீனில் அக்காவிடம் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் தினமும் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன், திட்டிக் கேட்டேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். இன்றைக்குக் கூட்டம், இன்றைக்கு அவர் சீக்கிரம் எழுந்து போய்விட்டார் என்று தினமும் ஒரு சாக்கு இருந்தது.

ஒரு மத்தியானம் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்ததும் இவருக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. தாடி ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கேன்டீனில் தட்டுகள் சத்தமிட்டன, யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பிள்ளை தகப்பனை இழந்துவிட்டது அங்கே இருந்த அத்தனை பேரில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். அப்போதுதான் இவர் எழுந்து போனார். எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

"உங்க அப்பாவுக்காக ரொம்ப வருத்தப்படுறேன்" என்றார். ஒரு பிசிறு இல்லாமல் வந்ததாம்.

தாடி நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எங்க மொழி புரியுமா?"

"புரியும்."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச மாசமா."

தாடி கவிழ்த்து வைத்த ஃபோனைப் பார்த்தார். பிறகு கேட்டார். "சூளை ரிப்பேர்னு எனக்கு இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இவர் பொய் சொல்லவில்லை. அதற்காக மட்டும் நான் இவரை மதிக்கிறேன். "முதல் நாளே தெரியும்" என்றார்.

தாடி கத்தவில்லை. கோபத்தில் மேஜையைத் தட்டவில்லை. தட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லா பேசுறீங்க" என்றார். "எங்க ஊர்க்காரங்க மாதிரியே பேசுறீங்க."

அது குத்தலா, அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது என்று தெரியாமல் வந்த வார்த்தையா என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நிஜ மனுஷர் வாயிலிருந்து இந்த ஒரு பாராட்டைக் கேட்கத்தான் இத்தனை நாள் டீயை ஆறவிட்டார். தாடி அன்று சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டார். வேறொரு சின்ன வயதுக்காரர் வந்து மெஷினை ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடுகிறது என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். திட்டுவதற்கு எனக்கு ஒரு மூட்டை இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெட்ட எண்ணம் கொண்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் ஆபீஸில் கேட்டு தாடியின் நம்பரை வாங்கிவந்தார். மன்னிப்புக் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். சாயங்காலமானால் உட்கார்ந்து எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டால், ஒரு இடம் இன்னும் சரியாக வரவில்லை என்பார். வாரங்கள் போயின. ஒருநாள், என்னதான் எழுதியிருக்கிறீர்கள், தமிழில் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

"உங்க அப்பா தினமும் நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டதை நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். உங்களைப் போகச் சொல்ல எனக்கு மொழி தெரிஞ்சிருந்தது. வெக்கத்துல சொல்லாம விட்டுட்டேன். நீங்க என்னை மன்னிக்கலன்னாலும் சரி, நடந்தது இதுதான்னு உங்களுக்குத் தெரியணும்."

"இதுல என்ன சரியா வரல?"

"அந்த வெக்கம்ங்கிற வார்த்தை..."

ஃபோனை அவர் கையிலிருந்து பிடுங்கி, அனுப்புகிற அம்புக்குறியை அழுத்திவிட்டேன். பதறி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போய்விட்டதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்.

"மூணாவது வரியில ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. தாடி படித்துவிட்டார். நாங்கள் இருவரும் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை. அந்த மூன்றாவது வரியால்தான் பதில் வரவில்லை என்று இவர் நம்புகிறார். நான் இல்லை என்று சொல்வதில்லை.